கிராக் விண்டோஸை விடுங்கள், மின்ட் போடுங்கள்

போன வாரம் சர்வீஸுக்கு வந்த லேப்டாப்பில் ஒரு போட்டோகூடத் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து, கூடவே பணம் கேட்டு ஒரு ரீட்மீ கோப்பு. மகளின் கல்யாணப் படங்கள் மொத்தமும் அதில்தான். வேறெங்கும் காப்பி இல்லை. விசாரித்தால் அதே பழைய கதை: யாரோ கிராக் விண்டோஸ், அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டுக் காப்பி, போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் எத்தனை பேரிடம்தான் "போனது போனதுதாங்க" என்று சொல்வது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது, இன்டெல் பிராசசரில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் ஏற்பதில்லை. நன்றாக ஓடும் மெஷினை ஓரங்கட்டவும் மனமில்லாமல், கிராக்கும் வேண்டாம் என்பவர்கள் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் கேட்டு வருகிறார்கள். 4 ஜிபி ராம் போதும். ஸ்டார்ட் மெனு இடது மூலையில், பழகிய இடத்திலேயே இருக்கிறது. அப்டேட்டை எப்போது போடுவதென்று நாம்தான் முடிவு செய்கிறோம். ஃபயர்பாக்ஸும் லிப்ரே ஆபீஸும் கூடவே வந்துவிடுகின்றன.

ஆனாலும் ஒரு கேள்வி விடாமல் வருகிறது: "சும்மா தர்றாங்களே, ஏதாவது வில்லங்கம் இருக்குமோ?" தயவுசெய்து யோசியுங்கள். மின்ட் 2006-இல் கிளெமெண்ட் லெஃபெவ்ர் தொடங்கியது. அதற்கு அடித்தளம் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ், அதற்கும் அடியில் 1993 முதல் வளரும் டெபியன் என்ற லினக்ஸ். நன்கொடையிலும் ஸ்பான்சர்கள் தரும் பணத்திலும் நடக்கிறது. நிரல் எல்லார் கண்ணுக்கும் திறந்து கிடக்கிறது. உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனுக்குள் மையப் பகுதியாக இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். ஆனால் விண்டோஸின் பூட்டை உடைக்கும் அந்தக் கிராக் ஆக்டிவேட்டர்? ஓடுவதற்கு முன்பே ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிறது. வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பினால்தான் உள்ளே வருவேன் என்பவனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறீர்கள், மின்ட்டைத்தான் சந்தேகப்படுகிறீர்கள்!

மின்ட் என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றும் சொல்லவில்லை. 2016 பிப்ரவரியில் அவர்களுடைய தளத்தையே ஹேக் செய்து, திருட்டுத்தனமாக உள்ளே நுழையப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு (நிறுவல் கோப்புக்கு) இணைப்பை மாற்றிவிட்டார்கள். அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். இறக்கிய கோப்பு மாறாததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு கட்டாயம் ஒப்பிடுங்கள்.

டேலி, பேஜ்மேக்கர் இல்லாமல் தொழில் நடக்காது என்றால் மின்ட் வேண்டாம், காசு கொடுத்து லைசென்ஸோடு விண்டோஸ் வாங்குங்கள். மற்றவர்கள் முதலில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டி இவை வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்: வைஃபை, சவுண்டு, முக்கியமாகப் பிரிண்டர். எச்பி பெரும்பாலும் உடனே வேலை செய்யும். ஜெராக்ஸ் கடைகளில் பார்க்கும் கேனான் எல்பிபி 2900 படுத்தும். தமிழ்99 விசைப்பலகையில் தட்டுபவர்கள் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாக அமைத்துக்கொள்ளலாம்.

நிறுவும்போது டிஸ்க்கை முழுவதும் அழிக்கும் தேர்வும் வரும். படிக்காமல் நெக்ஸ்ட் அடிக்காதீர்கள். அழிந்தபின் என்னிடம் கொண்டுவந்து பயனில்லை. நிறுவுவதற்கு முன்பே எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எடுத்ததும் அதைக் கழற்றி பீரோவில் வையுங்கள். மெஷினிலேயே செருகிக் கிடந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.