சாக்கெட்டில் வந்து விழும் பைட்டுகள் எப்படி வேரியபிள் ஆகின்றன?

0, 14, 1, 1, 44, 255, 206, 224, 174, 133, 224, 174, 177, 224, 175, 136.

ஒரு வெப்பநிலை சென்சார் நெட்வொர்க் வழியாக அனுப்பிய செய்தி இது, மொத்தம் 16 பைட். நம் நிரலுக்கு இந்த எண்வரிசையால் ஒரு பயனும் இல்லை. அதற்கு வேண்டியது மூன்று வேரியபிள்கள்: சென்சார் எண் 300, வெப்பநிலை மைனஸ் 5 டிகிரி, பெயர் "அறை". இதிலிருந்து அதற்கு எப்படிப் போவது என்று, நிரலை நெட்வொர்க்கோடு இணைக்கும் வாசலான சாக்கெட்டுக்குச் சுத்தமாகத் தெரியாது. வருவது எண்ணா, எழுத்தா, படமா என்று அது பார்ப்பதே இல்லை, பைட்டுகளை வந்த வரிசையில் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. அர்த்தம் முழுக்க அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் முன்கூட்டியே பேசிவைத்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

நம் சென்சாரின் ஒப்பந்தம் இப்படி என்று வைத்துக்கொள்வோம். முதல் 2 பைட், பின்னால் இன்னும் எத்தனை பைட் வருகிறது என்ற நீளம். அடுத்த 1 பைட் செய்தியின் வகை. அப்புறம் 2 பைட் சென்சார் எண், 2 பைட் வெப்பநிலை (புள்ளி வராமல் இருக்க 10ஆல் பெருக்கிய முழு எண்), மிச்சமெல்லாம் யுடிஎஃப்-8ல் (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் ஒரு முறை) எழுதிய பெயர்.

சரி, சாக்கெட்டிலிருந்து பைட்டுகளை வாங்கித் தரும் ரிசீவ் ஃபங்ஷனைக் கூப்பிட்டு 16 பைட் கேட்டால் 16 பைட் வந்துவிடுமா? வராமலும் போகலாம். புதிதாக சாக்கெட் நிரல் எழுதுகிறவர்கள் முதலில் இடறி விழும் இடம் இதுதான். பைட்டுகளை வரிசை குலையாமல் கொண்டுசேர்க்கும் நெட்வொர்க் நெறிமுறையான டிசிபியில் "செய்தி" என்று ஒரு பொருளே கிடையாது, இருப்பது முடிவில்லாத ஒரு பைட் ஓட்டம் மட்டும். ஓடும் குழாயில் இந்தப் பக்கம் இரண்டு குடம் ஊற்றினால் அந்தப் பக்கம் இது முதல் குடத்துத் தண்ணீர், இது இரண்டாவது குடத்துத் தண்ணீர் என்று பிரித்துச் சொல்ல முடியாது, அதே கதைதான் இங்கும். அனுப்பியவர் ஒரே தடவையில் அனுப்பிய 16 பைட், நமக்கு 5 ஒரு தடவை, 11 ஒரு தடவை என்று வரலாம். இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு 32 ஆகவும் வரலாம், ஏனென்றால் சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து ஒரே பாக்கெட்டாக அனுப்பும் ஒரு வழிமுறையை 1984லேயே ஜான் நேகிள் எழுதிவைத்தார், இன்றைக்கும் பல கணினிகளின் டிசிபியில் அது இயல்பாகவே இயங்குகிறது. 'எத்தனை பைட் கேட்கிறோம்' என்று நாம் ரிசீவிடம் சொல்லும் எண் உச்சவரம்புதான், உத்தரவாதம் அல்ல.

இதில் கொடுமை என்னவென்றால், சொந்தக் கணினியிலேயே இரண்டு பக்கமும் ஓட்டிச் சோதித்தால் பெரும்பாலும் எல்லாம் ஒழுங்காக வரும். நிஜ நெட்வொர்க்கில் ஈதர்நெட் பாக்கெட் ஒன்றில் வழக்கமாக 1500 பைட்தான் இடம், தலைப்புகள் போக தரவுக்கு 1460க்குள்தான் மிஞ்சும். அதனால் கொஞ்சம் பெரிய செய்தி என்றாலே துண்டாகிவிடும். லினக்ஸில் கணினி தனக்குத் தானே பேசும் லூப்பேக் வழியில் இந்த வரம்பு 65536. சோதனையில் ஓடிய நிரல் வெளியே போனதும் தடுமாறுவதற்கு இந்த வித்தியாசம் ஒரு பெரிய காரணம்.

ஆகவே முதல் வேலை, வந்ததையெல்லாம் ஒரு பஃபரில், அதாவது நினைவகத்தில் ஒரு தற்காலிக இடத்தில், சேர்த்துக்கொண்டே போவது. பஃபரில் 2 பைட்டாவது இருக்கிறதா? இருந்தால் நீளத்தைப் படி: 14. அப்படியானால் 16 பைட் சேரும்வரை காத்திரு, சேர்ந்ததும் அந்த 16ஐ மட்டும் வெட்டி எடு, மிச்சத்தை அடுத்த செய்தியின் ஆரம்பமாக அப்படியே பஃபரில் விட்டுவை. ரிசீவ் 0 பைட் கொடுத்தால் எதிர்முனை தன் பக்கத்தை மூடிவிட்டது என்று பொருள். அப்போது பஃபரில் அரைகுறையாக ஏதாவது இருந்தால் அது பிழை, அதைச் செய்தியாக நினைத்துப் பிரிக்கக் கூடாது.

நீளத்தை முன்னால் வைப்பதற்குப் பதில், இதோ முடிந்தது என்று ஒரு அடையாளத்தைக் கடைசியில் வைக்கும் வழியும் உண்டு. வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி 1.1ல் இரண்டையும் பார்க்கலாம். தலைப்பு வரிகள் ஒரு வெற்று வரியோடு முடியும், அதற்குப் பின்னால் வரும் உடலின் நீளம் பெரும்பாலும் அந்தத் தலைப்பு வரிகளிலேயே எண்ணாக எழுதியிருக்கும். இணையதளப் பெயருக்கு முகவரி கேட்டு டிசிபி வழியாகப் போகும் டிஎன்எஸ் செய்திகளும் நம் சென்சார் மாதிரியே 2 பைட் நீளத்தோடுதான் தொடங்குகின்றன. எண்களாக வரும் தரவுக்கு என் ஓட்டு நீளத்துக்குத்தான். முடிவு அடையாளமாக வைத்த அதே பைட் தரவுக்குள்ளேயும் வந்து தொலைத்தால் என்ன செய்வது என்ற தலைவலி இதில் இல்லை.

அடுத்து எண்கள். 1, 44 என்ற இரண்டு பைட் எப்படி 300 ஆனது? 1ஐ 256ஆல் பெருக்கி 44ஐக் கூட்டினோம், அதாவது பெரிய மதிப்புள்ள பைட் முதலில். நெட்வொர்க்கில் இதுதான் வழக்கம். ஆனால் இன்டெல் வகைச் சில்லுகள் நினைவகத்தில் சிறிய பைட்டை முதலில் வைக்கின்றன. மாற்றாமல் அப்படியே படித்தால் 44 தடவை 256, கூட்டல் 1, ஆக 11265 என்ற இல்லாத சென்சார் கிடைக்கும். நீளத்தையும் அப்படியே படித்தால் இன்னும் வேடிக்கை: 14 என்பது 3584 ஆகிவிடும், நிரல் வராத பைட்டுகளுக்காகக் காத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும், பிழைச் செய்திகூட வராது. எந்தப் பைட் முதலில் என்ற இந்தச் சண்டை அந்தக் காலத்திலேயே முற்றிப்போய், 1980 ஏப்ரல் 1 அன்று டேனி கோஹன் என்ற கணினி அறிஞர் நையாண்டியாக ஒரு கட்டுரையே எழுதினார். எந்த வரிசை என்பதைவிட எல்லோரும் ஒரே வரிசைக்கு ஒத்துக்கொள்வதுதான் முக்கியம் என்பது அவர் வாதம்.

255, 206? வரிசை சரியாகவே படித்தாலும் 65486 வரும், 10ஆல் வகுத்தால் 6548.6 டிகிரி. சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான அறை! ஒப்பந்தத்தில் இது குறி உள்ள எண் (மைனஸாகவும் இருக்கலாம்), அதாவது 32767ஐத் தாண்டினால் 65536ஐக் கழிக்க வேண்டும். கழித்தால் மைனஸ் 50, வகுத்தால் மைனஸ் 5.0. பைட்டைப் பார்த்தால் இது தெரியாது. அங்கே இருப்பது அதே 255, 206தான்.

சி மொழிக்காரர்களுக்கு இங்கே ஒரு சபலம் வரும். இதே வரிசையில் ஒரு ஸ்ட்ரக்ட் (பல வேரியபிள்களை ஒன்றாகக் கட்டிய அமைப்பு) எழுதி, வந்த பஃபரின் மேல் அதைப் போட்டால் ஒரே வரியில் எல்லா வேரியபிளும் நிரம்பிவிடுமே என்று. நிரம்பும், தப்பாக. 2 பைட் எண்ணை இரட்டைப்படை முகவரியில் வைக்க கம்பைலர் விரும்பும் என்பதால் 1 பைட் வகைக்குப் பின்னால் அது சத்தமில்லாமல் ஒரு வெற்றுப் பைட்டை நுழைக்கும். விளைவு, சென்சார் எண்ணாக 1, 44க்குப் பதில் 44, 255 போய் உட்காரும். இந்த நிரப்பலை நிறுத்தச் சொல்லவும் வழி உண்டு, ஆனால் அப்போதும் பைட் வரிசைப் பிரச்சினை தீராது. ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியாக எடுத்து மாற்றுவது நாலு வரி கூடுதல்தான், அதையே செய்துவிடலாம். பைத்தானில் ஸ்ட்ரக்ட் என்ற தொகுதி இதற்காகவே இருக்கிறது. முதல் எழுத்தாக ஆச்சரியக்குறி போட்டு புலங்களின் வகையை வரிசையாகச் சொன்னால், நெட்வொர்க் வரிசையில், நிரப்பல் இல்லாமல் பிரித்துக் கொடுக்கும்.

மிச்சம் 9 பைட், "அறை". யுடிஎஃப்-8ல் அ என்பது 224, 174, 133. ற என்பது 224, 174, 177. ஐகாரக் குறி 224, 175, 136. கண்ணுக்கு இரண்டு எழுத்து, எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடுக்கு மூன்று, சாக்கெட்டுக்கு ஒன்பது! ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்தான் என்பதால், பைட் எண்ணிக்கையும் எழுத்து எண்ணிக்கையும் ஒன்று என்று நினைத்து எழுதிய நிரலும் ஆங்கிலத்தில் ஒழுங்காக ஓடும், தமிழ் வந்ததும் பல்லைக் காட்டும். ரிசீவ் கொடுத்த துண்டை உடனே எழுத்தாக்கப் பார்ப்பதும் இதே ரகம். துண்டு 224, 174 என்று பாதி எழுத்தில் அறுந்திருந்தால் டிகோடர் பிழை எறியும், அல்லது அந்த இடத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரத்தை வைத்துவிட்டுப் போகும். முழுச் செய்தியையும் வெட்டி எடுத்த பிறகுதான் எழுத்தாக்க வேண்டும்.

இத்தனை நேரமும் எதிர்முனை யோக்கியமானது என்று நினைத்துப் பேசினோம். இணையத்தில் அப்படி நினைக்கக் கூடாது. நீளம் 14 என்று சொல்வது அவர் வாக்கு, அவ்வளவுதான். 2014 ஏப்ரலில் வெளியே தெரிந்த ஹார்ட்ப்ளீட் ஓட்டை இந்த ஒரு வாக்கை நம்பியதால் வந்தது. "உயிரோடு இருக்கிறாயா, இந்தத் தரவை அப்படியே திருப்பி அனுப்பு" என்று கேட்கும் ஒரு சின்னச் செய்தியில், தரவின் நீளம் 2 பைட் எண்ணாக வரும். இணைய இணைப்புகளை மறையாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருள் அந்த எண்ணை உண்மையில் வந்த தரவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒரு பைட் அனுப்பிவிட்டு 65535 என்று புளுகினால், மீதிக்குத் தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததை அள்ளிக் கொடுத்தது. கடவுச்சொற்களும் ரகசியச் சாவிகளும்கூட அப்படிக் கசிய முடிந்தது. திருத்தத்தின் சாரம், நீளம் பொருந்தாவிட்டால் செய்தியைத் தூக்கிப் போடு என்ற சோதனை. நீளத்துக்கு 4 பைட் ஒதுக்கியிருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு, ஒருவர் 4294967295 என்று அனுப்பினால் நிரல் 4 ஜிபி நினைவகம் ஒதுக்கப் போய் விழுந்துவிடும். நம் சென்சார் செய்தி 300 பைட்டைத் தாண்டக் காரணமே இல்லை என்றால், தாண்டியதும் இணைப்பை மூடிவிட வேண்டியதுதான். அதேபோல பொருள்களைப் பைட்டுகளாக்கித் திரும்ப எடுக்கும் பைத்தானின் பிக்கிள் கொண்டு சாக்கெட்டில் வந்ததை நேரே பொருளாக்குவது, அனுப்பியவர் சொன்ன நிரலை நம் கணினியில் ஓட்ட அனுமதிப்பதற்குச் சமம்.

இந்தத் தொல்லையே வேண்டாம், தரவை எழுத்தாகவே எழுதும் ஜேசான் வடிவில் அனுப்பிவிடலாமே என்றால், அனுப்பலாம், பைட் வரிசையும் குறியும் கவலையில்லை. ஆனால் செய்தி எங்கே முடிகிறது என்ற கேள்வி அப்படியே இருக்கும், அதற்கு நீளமோ வரி முடிவோ வேண்டும். எண்களிலும் ஒரு கண் வைக்க வேண்டும்: 9007199254740993 என்று அனுப்பினால் ஜாவாஸ்கிரிப்ட் அதை 9007199254740992 ஆகப் படிக்கும், அதன் எண் வகை அதற்கு மேல் ஒன்று ஒன்றாக எண்ணாது. நீளமான அடையாள எண்களை ட்விட்டர் எழுத்துச் சரமாகவும் சேர்த்து அனுப்பியது இதனால்தான். கூகுள் 2008ல் வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸ் என்ற தரவு வடிவம் வேறு வழி எடுத்தது. எண்ணை ஏழு ஏழு பிட்டாக நறுக்கி, இன்னும் இருக்கிறது என்பதற்கு எட்டாவது பிட்டை 1 ஆக்கும். நம் 300 அதில் 172, 2. சிறிய எண்ணுக்குச் சிறிய இடம். ஒவ்வொரு புலத்துக்கும் முன்னால் அதன் எண்ணும் வகையும் வரும், அதனால் பழைய நிரலுக்குத் தெரியாத புதிய புலம் வந்தாலும் அது எத்தனை பைட் என்று பார்த்துத் தாண்டிப் போய்விடும்.

நம் 16 பைட் ஒப்பந்தத்தில் புலங்களுக்கு அந்த வசதி இல்லை, பெயருக்குப் பின்னால் ஈரப்பதம் என்று ஒன்றைச் சேர்த்தால் பழைய நிரல் அதையும் பெயரின் பகுதியாகவே படிக்கும். அதற்குத்தான் மூன்றாவது பைட்டில் வகை என்று ஒன்றை வைத்தோம். ஈரப்பதத்தோடு வரும் செய்திக்கு வகை 2 என்று கொடுத்துவிட்டால், 1 மட்டும் தெரிந்த நிரல் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், நீளத்தை வைத்து அடுத்த செய்திக்குத் தாவிவிடும்.