மரநாய்க் குட்டியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்

மரநாய்க் குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். அடிபட்ட காட்டு விலங்குகளுக்கு வைத்தியம் பார்ப்பவள் நான். இங்கே வந்து சேரும் குட்டிகளில் பலவற்றுக்கு நோயும் இருக்காது, காயமும் இருக்காது, அம்மா மட்டும்தான் இருக்காது. அது ராத்திரி பழம் தேடிப் போன நேரத்தில் யாரோ பாவம் பார்த்துத் தூக்கி வந்திருப்பார்கள்.

சிங்கப்பூரில் சிக்லாப் பக்கத்துத் தரைவீடுகளில் ஓட்டுக்கும் உள்கூரைக்கும் நடுவிலேயே மரநாய் குட்டி போடும். மேலே தடதடவென்று சத்தம், அப்புறம் அடுப்பில் ஒன்றுமே இல்லாதபோது பாண்டான் இலை வாசம், வெளியே விதை விதையாக எச்சம் என்றால் அதுதான். அவசரப்பட்டு ஆள் வைத்து ஓட்டையை அடைத்துவிடாதீர்கள், குட்டி உள்ளே மாட்டிக்கொள்ளும். அவை வளர்ந்து வெளியேறட்டும், பிறகு அடைத்துக்கொள்ளலாம்.

முன்பு விலங்குகள் அழிந்த விதம் வேறு. 1800களில் மிளகுத் தோட்டங்களுக்காகவும், தோல் பதனிட உதவும் கேம்பியர் செடித் தோட்டங்களுக்காகவும் காட்டை வெட்டினார்கள், தோட்டத் தொழிலாளிகளைப் புலி அடித்தது, அரசாங்கம் புலித் தலைக்குப் பணம் கொடுத்தது. 1930-ல் சுவா சூ காங்கில் கடைசிப் புலியையும் சுட்டார்கள். கடமானும் இல்லாமல் போனது. இன்று மண்டாய்க் காட்டுப் பக்கம் நீங்கள் பார்க்கும் கடமான்கள் 1970களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பியவற்றின் வம்சம். நீர்நாய் மட்டும் 1990களில் தானாகவே திரும்பி வந்தது, கெட்டிக்காரப் பிராணி.

இப்போது யாரும் சுடுவதில்லை, கார்தான் அடித்துப் போடுகிறது. எறும்புத்தின்னி பயந்தால் ஓடாது, உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். புலியின் பல்லுக்கு அது போதும், டயருக்குப் போதாது. நம் நகம் எதனால் ஆனதோ அதனால்தான் அதன் செதிலும் ஆனது, நொறுங்கினால் அடியில் சதையோடு பிய்ந்து வருகிறது. 1986-ல் புக்கிட் தீமா விரைவுச்சாலை காட்டை இரண்டாகப் பிளந்தது, அதை ஒட்டவைக்க 2013-ல் மேலே 62 மீட்டர் நீளத்துக்கு மரம் நட்ட பாலம் கட்டினார்கள். எறும்புத்தின்னிகள் அதில் நடப்பது கேமராவில் பதிவாகியிருக்கிறது. ஆனால் எல்லாச் சாலைக்கும் பாலம் போட முடியாதே, அதனால் ராத்திரி மண்டாய்ப் பக்கம் மெதுவாக ஓட்டுங்கள்.

குரங்குக்கு ரொட்டி போடுபவர்களுக்கும் ஒன்று: அந்தத் தீனிக்காகத்தான் அது சாலையோரமே வந்து உட்காருகிறது. 2020 முதல் காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மறுபடியும் செய்தால் 10,000 வரை.

அடிபட்டதைப் பார்த்தால் தொடாமல், தண்ணீர் புகட்டாமல், தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 எண்ணைக் கூப்பிடுங்கள். ஆள் வரும்வரை நாயையும் பிள்ளைகளையும் தள்ளி நிறுத்தினால் போதும்.