உயிர்ப்புவிவேதிச் சுழற்சி

சுற்றுச்சூழல் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் ‘உயிர்வேதியியல் சுழற்சி’ என்ற தொடர் இப்போது அடிக்கடி தென்படுகிறது. தனிமங்கள் உயிர்களுக்கும் மண், நீர், காற்று, பாறை ஆகியவற்றுக்கும் இடையே சுற்றிவருவதைக் குறிக்கும் ‘பயோஜியோகெமிக்கல் சைக்கிள்’ என்பதற்குத்தான் இப்படி எழுதுகிறார்கள். நடுவிலிருந்த ‘ஜியோ’ எங்கே போயிற்று என்று எழுதியவரும் கேட்பதில்லை, திருத்தியவரும் கேட்பதில்லை.

கிரேக்கத்தில் ‘பியோஸ்’ உயிர், ‘கே’ நிலம். இவ்விரண்டையும் வேதியியலோடு இணைத்த துறையை நிறுவியவராக, 1926இல் உயிர்க்கோளம் பற்றிய நூலை வெளியிட்ட ரஷ்ய அறிவியலாளர் விளாதிமிர் வெர்னாட்ஸ்கியைச் சொல்வார்கள்.

உயிர்வேதிச் சுழற்சி என்பது வேறு. உணவிலிருந்து ஆற்றலைப் பெற உயிரணுவுக்குள் நடக்கும் கிரெப்ஸ் சுழற்சி அத்தகையது. புவியை விட்டுவிட்டால் பாஸ்பரசைப் பற்றிப் பேசவே முடியாது. அபடைட் என்னும் கனிமமாகப் பாறையில் கிடக்கும் அது, மழைநீரின் மென்மையான அமிலமும் வேர்கள் சுரக்கும் அமிலங்களும் அரிக்க அரிக்க மண்ணுக்கு வந்து, பயிரிலும் விலங்கின் எலும்பிலும் சேர்ந்து, ஆற்றோடு போய்க் கடலடியில் படிந்து, மறுபடியும் பாறையாகி, அந்தப் படுகை நிலமாக மேலெழும் வரை கோடிக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே அடைபட்டிருக்கிறது. நைட்ரஜனைப் போல அது வளிமமாகக் காற்றில் தங்குவதில்லை. பறந்தால் பெரும்பாலும் புழுதியாகத்தான் பறக்கும். சகாராப் புழுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 டன் பாஸ்பரஸ் அட்லாண்டிக்கைக் கடந்து அமேசான் படுகையில் விழுவதாக 2015இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வொன்று மதிப்பிட்டது. இதில் ‘உயிர்வேதியியல்’ எங்கே இருக்கிறது?

‘இயல்’ இன்னொரு குற்றம். வேதியியல் ஒரு படிப்பு. படிப்பு சுழல்வதில்லை, தனிமங்களே சுழல்கின்றன. ஆகவே பாடநூல்களில் வரும் ‘உயிர்ப்புவி வேதிச் சுழற்சி’யே சரி. ஆனால் இடைவெளி விட்டால் ‘உயிர்ப்புவி’ என்றொரு கோள் இருப்பதாகத் தோன்றும் என்பதால் ஒரே சொல்லாகச் சேர்த்தெழுதுவது நல்லது. பொது வாசகருக்குத் ‘தனிமச் சுழற்சி’ என்பதே போதும். இலங்கையில் நைட்ரஜன் சுழற்சியை ‘நைதரசன் வட்டம்’ என்பார்கள். அதுவும் சுருக்கமானதே, எனினும் வட்டம் வடிவத்தைச் சொல்கிறது, ஓட்டத்தைச் சொல்லவில்லை.

‘ஊட்டச்சத்துச் சுழற்சி’ எனக்கு உவப்பாக இல்லை. அதைக் கேட்டதும் சத்துமாவுதான் நினைவுக்கு வருகிறது. நம் உழவர்களிடம் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) என்று, அது அது செய்யும் வேலையையோ கிடைக்கும் இடத்தையோ காட்டும் சொற்கள் இருக்கின்றன. உரக்கடையில் மணிச்சத்து என்று கேட்டு வாங்குகிறவருக்காக எழுதும் கட்டுரையில்கூட ‘மணிச்சத்துச் சுழற்சி’ என்று எழுத மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் கூசுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவேயில்லை.