தரைக்குள் ஓடும் வெந்நீர்

திருகோணமலையில் பைபர் படகுகளுக்குப் பழுது பார்க்கிற அண்ணன் ஒருவர் போன கிழமை கடற்கரையில் என்னைக் கண்டதும் கைபேசியை நீட்டினார். அவருடைய தம்பி கனடாவில், ரொறன்ரோவுக்கு வெளியே, கார் திருத்துவதற்கென்று ஒரு கொட்டில் கட்டுகிறார். படத்தில் கப்புகள் நட்டு, மேலே தகரமும் போட்டாயிற்று. தரையில் மட்டும் செம்மஞ்சள் நிறக் குழாய் ஒன்று நுளம்புச் சுருள் மாதிரி வளைந்து வளைந்து கிடந்தது.

"மாஸ்டர், இதுக்குள்ள சுடுதண்ணி ஓடுமாம். மேல கொங்கிறீற்று போடப் போறானாம். தரையைச் சுடவைச்சா கொட்டில் எப்படிச் சூடாகும்? அதோட இது கதிர்வீச்சுத் தரை எண்டு சொல்லிப்போட்டான். அம்மா அதைக் கேட்ட நாளில இருந்து பயந்துபோய் இருக்கிறா."

முதலில் அம்மாவின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சு என்ற சொல் நம் காதில் அணுகுண்டோடும் புற்றுநோயோடும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வெயிலில் கிடந்த கல் வெளிவிடுகிற சூடும் கதிர்வீச்சுத்தான். அடுப்படியில் கன்னத்தில் படுகிற சூடும் அதுதான். 2020இல் கடை வாசலிலும் வைத்தியசாலை வாசலிலும் நெற்றிக்கு நேரே ஒரு கருவியைப் பிடித்தார்களே, அது நம்மீது எதையும் பாய்ச்சவில்லை. நம் நெற்றி தானாக வெளிவிடுகிற செந்நிறக் கீழ்க் கதிர்களை வாங்கி, அதிலிருந்து காய்ச்சலைக் கணக்குப் பார்த்தது. அம்மாவும் இப்போது அதே வகைக் கதிர்களை வீசிக்கொண்டுதான் கதிரையில் இருக்கிறார். அந்தத் தரையின் கதிர் அவருடைய நெற்றியின் கதிரை விடப் பலவீனமானது, ஏனென்றால் தரையின் சூடு நெற்றியின் சூட்டை விடக் குறைவு. இதை அவருக்கு அப்படியே சொல்லச் சொன்னேன்.

கொட்டிலின் அமைப்பு நமக்குப் புதிதல்ல. அத்திவாரம் வெட்டிச் சுவர் எழுப்பாமல், நிலத்தில் குழி தோண்டிக் கப்பு நட்டு, குறுக்கே வளை போட்டு, மேலே கூரை. நம்மூர் வாடியும் மாட்டுக்கொட்டிலும் இப்படித்தான் நிற்கின்றன. கிடுகுக்குப் பதில் தகரம். அமெரிக்காவின் பண்ணைகளில் 1930களிலிருந்து இந்த முறை பரவியது, மலிவாக முடியும் என்பதால். ஒரு வித்தியாசம் உண்டு. தென் ஒன்ராறியோவில் கப்புக் குழி ஏறக்குறைய 1.2 மீற்றர் ஆழம் போகவேண்டும். குளிர்காலத்தில் மேல்மண் உறையும்போது கீழேயிருக்கிற ஈரத்தை மேலே இழுத்து இழுத்துப் பனிக்கட்டித் தட்டுகளாக அடுக்கும். அந்தத் தட்டு கப்பையே மேலே தூக்கிவிடும். உறைகிற ஆழத்துக்குக் கீழே அடி இருந்தால்தான் கப்பு அசையாது.

கூரை முடிந்த பிறகுதான் தரை. மண்ணை இறுக்கி, கல்லுப் பரப்பி, ஈரம் ஏறாமல் பொலித்தீன் விரித்து, அதன்மேல் ரெஜிபோமின் வலுவான சொந்தக்காரனான நுரைப்பலகையை 5 சென்ரிமீற்றர் தடிப்பில் அடுக்குவார்கள். அந்தப் பலகையின் வேலை வெப்பத்தைக் கீழே போகவிடாமல் மறிப்பது. ஆனால் மண்ணுக்குள் போவதை விட ஓரங்களால் தப்பிப் போகிற வெப்பம் மோசமானது. கப்புக் கொட்டிலுக்குச் சுற்றிவர அத்திவாரச் சுவர் இல்லை என்பதால் தரையின் விளிம்பு நேரே பனியைப் பார்த்தபடி இருக்கும். அங்கே பலகையை நெட்டாக நிறுத்தாமல் விட்டால் கொட்டிலின் ஓரம் முழுக்கக் குளிர்ந்து கிடக்கும். தம்பியின் படத்தில் முதலில் நான் தேடியது அதைத்தான். இருந்தது. நல்ல மேசன்.

சரி, அண்ணனின் கேள்விக்கு வருவோம். தரையைச் சூடாக்கினால் கொட்டில் எப்படிச் சூடாகும்?

வெப்பம் மூன்று வழியில் போகும் என்று எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் படித்திருப்பீர்கள்: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். பரீட்சைக்கு எழுதிவிட்டு மூன்றாவதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அறையின் சூடு என்றால் காற்றின் சூடு என்றே நினைக்கிறோம், வெப்பமானி தொங்குவது காற்றில் என்பதால். ஆனால் நம் தோலுக்குக் காற்று பாதிக் கதையைத்தான் சொல்கிறது. மற்றப் பாதியைச் சுற்றியிருக்கிற சுவரும் கூரையும் தரையும் சொல்கின்றன.

இதை அண்ணனுக்கு அவருடைய கொட்டிலிலேயே காட்டினேன். மத்தியானம் ஒரு மணி, கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது, தகரக் கூரை. காற்றின் வெப்பநிலை 34 பாகை செல்சியஸ். தூர நின்று வெப்பம் பார்க்கிற கருவியைத் தகரத்தின் அடிப்பக்கம் பிடித்தேன்: 60 பாகை. "தலைக்கு மேல சூட்டை உணருறீங்களா?" என்றேன். "ஓம், தினமும் கொல்லுது." அங்கே கிடந்த கடதாசி மட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அவருடைய தலைக்கு மேலே பிடித்தேன். அந்தக் கணமே தலைச்சூடு அற்றுப்போனது. மட்டையை எடுத்தேன், உடனே திரும்பி வந்தது. மூன்று தரம் செய்து பார்த்தார், சிறு பிள்ளை போல.

காற்று சூடாக இருப்பதால் மட்டும் தலை சுட்டிருந்தால் ஒரு மட்டையால் அதை ஒரு நொடியில் நிறுத்த முடியாது. மட்டை காற்றைக் குளிர்விக்கவில்லை. தகரத்துக்கும் தலைக்கும் நடுவில் நிழல் விழுத்தியது, அவ்வளவுதான். அந்தத் தகரம் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெயிலை வீசிக்கொண்டிருக்கிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு பரப்பு வீசுகிற கதிரின் அளவு, அதன் தனி வெப்பநிலையின் (செல்சியஸ் பாகையோடு 273ஐக் கூட்டினால் வருவது) நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 1879இல் ஜோசப் ஸ்டெபான் வேறொருவர் செய்த அளவீடுகளை வைத்து இதைப் பிடித்தார். அவருடைய மாணவர் லுட்விக் போல்ட்ஸ்மான் 1884இல் கோட்பாட்டிலிருந்து நிறுவிக் காட்டினார். எல்லாப் பரப்பும் வீசுகிறது, எல்லாப் பரப்பும் வாங்குகிறது. மிச்சக் கணக்குத்தான் நமக்கு உறைக்கிறது.

நம் தோலை 33 பாகை என்று வைத்துக்கொள்வோம். எதிரே 5 பாகைச் சுவர் இருந்தால், வெறும் தோலின் ஒரு சதுர மீற்றரிலிருந்து ஏறக்குறைய 158 வாற்று அந்தச் சுவருக்குப் போய்விடும். சுவர் 20 பாகை என்றால் 79 வாற்று. எதிரே இருப்பது 27 பாகைத் தரை என்றால் 38 வாற்றுத்தான். நடுவில் இருக்கிற காற்றை நாம் தொடவே இல்லை, ஆனாலும் இழப்பு நாலில் ஒன்றாகிவிட்டது. அண்ணனின் 60 பாகைத் தகரத்தைப் போட்டுப் பாருங்கள்: சுமார் 200 வாற்று, இந்தமுறை நம் பக்கமாக வருகிறது.

எனக்கு இந்த இடம்தான் தீராத வியப்பு. சூடான தரை நமக்கு வெப்பத்தை ஊட்டுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 27 பாகைத் தரை 33 பாகைத் தோலுக்கு எதையும் மிச்சமாகக் கொடுக்க முடியாது. நம்முடைய வெப்பத்தை நம்மிடமிருந்து குறைவாக வாங்குகிறது, அதைத்தான் உடம்பு இதம் என்று உணர்கிறது. உள்ளே எரிகிற நம் அடுப்பே நம்மைச் சூடாக்குகிறது. தரை அந்த அடுப்பைக் களவு போகாமல் காக்கிறது.

தரை தன் பங்குக்குக் குளிர்ந்த சுவரையும் கூரையையும் பார்த்துக் கதிர் வீசி அவற்றையும் மெதுவாக இளஞ்சூடாக்கும். தரை 27 பாகை, அறை 20 பாகை என்றால், கதிரும் காற்றும் சேர்த்து ஒரு சதுர மீற்றரிலிருந்து ஏறக்குறைய 75 வாற்று மேலே போகும். 12 மீற்றருக்கு 9 மீற்றர் கொட்டிலுக்கு அது 8 கிலோவாற்று. அதற்கு மேல் வேண்டுமென்று தரையைக் கண்டபடி சூடாக்கக் கூடாது. ஆட்கள் நின்று வேலை செய்கிற தரைக்கு 29 பாகைதான் வழக்கமான எல்லை. தாண்டினால் பாதம் வெந்து அலுக்கும்.

கனடாக் கொட்டிலுக்கு இது பொருந்துவதற்கு இன்னொரு காரணம், கார் உள்ளே வரும்போது திறக்கிற பெரிய கதவு. கதவு திறந்தால் உள்ளிருக்கிற சூடான காற்று முழுக்க வெளியே ஓடிவிடும். காற்றூதிச் சூடாக்குகிற கொட்டிலில் அத்தோடு எல்லாம் போயிற்று. இங்கே கணக்கு வேறு. 10 சென்ரிமீற்றர் தடிப்புக் கொங்கிறீற்றின் ஒரு சதுர மீற்றர் 240 கிலோ. அதை ஒரு பாகை உயர்த்தச் சுமார் 210 கிலோயூல் வேண்டும். அதற்கு நேர் மேலே நாலு மீற்றர் உயரத்துக்கு நிற்கிற காற்றுக்கு 5 கிலோயூல் போதும். நாற்பது மடங்கு வித்தியாசம். கதவைத் திறந்து காற்றைப் பறிகொடுத்தாலும் சொத்து தரைக்குள்தான் இருக்கிறது. கதவை மூடிய சில நிமிடங்களில் கொட்டில் பழையபடி ஆகிவிடும். கோணேசர் கோயில் வெளிவீதிக் கல்லில் பொழுதுபட்ட பிறகு வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இது தெரியும். கடல்காற்று குளிர்ந்துவிடும், கல் மட்டும் பகலைப் பிடித்து வைத்திருக்கும்.

அந்தக் குணத்துக்கு ஒரு விலையும் உண்டு. குளிர்ந்துபோன தரையைத் திரும்பச் சூடாக்கப் பல மணித்தியாலம் பிடிக்கும். ஆகவே இரவில் நிறுத்திக் காலையில் போடுகிற வேலை இங்கே சரிவராது.

"குழாய் கொங்கிறீற்றுக்குள்ள வெடிச்சா?" என்று அண்ணன் கேட்டார். அது சாதாரணப் பொலித்தீன் இல்லை. பொலித்தீன் என்பது நூல் நூலாகக் கிடக்கிற நீண்ட மூலக்கூறுகள். சூடு பட்டால் நூல்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். இந்தக் குழாயில் நூல்களுக்குக் குறுக்கே வேதிப் பிணைப்புப் போட்டு வலை போலக் கட்டிவிடுகிறார்கள். வலை வழுக்காது. தரைக்குள் மூட்டே வராதபடி ஒரு சுற்றை ஒரே குழாயாக ஓட்டுவார்கள், ஒரு சுற்று 90 மீற்றருக்கு மேல் போகாமல். கொங்கிறீற்று கொட்டுகிற நேரம் முழுக்கக் குழாய் அழுத்தத்தில் இருக்கும். யாராவது மண்வெட்டியால் கொத்திவிட்டால் அழுத்தமானியின் முள் விழுந்து அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். தம்பிக்கு நான் சொல்லியனுப்பியது இரண்டுதான்: காரைத் தூக்குகிற இயந்திரத்தின் கால் வருகிற இடத்தில் குழாய் போடவேண்டாம், கொங்கிறீற்று மூடுமுன் அளவுநாடா தெரியப் படம் எடுத்து வைக்கவேண்டும். பிறகு துளை போடுகிறபோது அந்தப் படம்தான் துணை.

நுளம்புச் சுருள் என்றேனே, அது வெறும் உவமை இல்லை. பெட்டியில் இரண்டு சுருள் ஒன்றுக்குள் ஒன்று பிணைந்து வரும். குழாயும் அப்படித்தான்: சூடாக உள்ளே போகிற வரிக்குப் பக்கத்திலேயே ஆறித் திரும்புகிற வரி. இரண்டும் மாறி மாறிக் கிடப்பதால் தரை எங்கும் ஒரே சூடு.

இப்போது கன்னியாவைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. நகரத்துக்கு மேற்கே சில கிலோமீற்றர் போனால் ஏழு வெந்நீர்க் கிணறுகள். தம்பியின் தரையில் தண்ணீர் தன் சூட்டைக் கல்லுக்குக் கொடுக்கிறது. கன்னியாவில் கல் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. இங்கே எரிமலை எதுவும் இல்லை. ஆழம் போகப் போக ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 25 முதல் 30 பாகை வரை பாறை சூடாகும். மழைநீர் வெடிப்புகள் வழியே ஆழ இறங்கி, அந்தச் சூட்டை வாங்கி, வேறு வெடிப்பால் மேலே வருகிறது. இராவணன் தாயின் கிரியைக்காக நிலத்தில் வாளால் குத்திய கதையை என் அம்மம்மா சொல்லித்தான் நானும் கேட்டேன். அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். ஆனால் அதோடு கேள்வி முடிந்துவிட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ஏழு கிணறும் அடுத்தடுத்து இருந்தும் ஏழுக்கும் ஏன் ஒரே சூடு இல்லை? மழைக்காலத்தில் எது முதலில் ஆறுகிறது? ஏழு வெப்பமானி வாங்கி, வருடம் முழுக்க அளந்து, அளவுகளை எல்லோரும் பார்க்க ஒரு பலகையில் எழுதிவைக்கிற செலவு, ஒரு திறப்புவிழாப் பந்தலின் செலவுக்குக் கிட்டவும் வராது. நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இந்தக் காசைக் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கடைசியாக அண்ணன் கேட்டது: "அப்ப குழாயில குளிர்தண்ணி விட்டா என்ர கொட்டில் குளிருமோ?" நல்ல கேள்வி. பாங்கொக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் தரையைக் குளிர்நீரால்தான் குளிர்விக்கிறார்கள். ஆனால் அங்கே மூடிய கட்டடம், ஈரம் எடுத்த காற்று. நம்மூரில் 30 பாகையில் ஈரப்பதன் 75 சதவீதம் என்றால் 25 பாகைக்கே பனிபடு நிலை வந்துவிடும். தரை அதற்குக் கீழே போனால் குளிர்ந்த சோடாப் போத்தல் போல வியர்க்கும். திறந்த கொட்டிலில் வழுக்கி விழவேண்டியதுதான்.

தரையை விட்டுக் கூரையைப் பாருங்கள் என்றேன். அதே நான்காம் அடுக்கு விதி. துருப்பிடித்த தகரம் வீசக்கூடிய கதிரில் பெரும்பகுதியை வீசிவிடும். பளபளப்பான அலுமினியத் தாள் அதே சூட்டில் 5 சதவீதம் அளவுக்குத்தான் வீசும். தகரத்துக்கு அடியில் நாலு விரல் இடைவெளி விட்டு, பளபளப்புப் பக்கம் கீழே பார்க்கத் தாளை இழுத்துக் கட்டினால், அது காலம் முழுக்க விரித்துப் பிடித்த அந்த மட்டைதான். அடிப்பக்கம் என்பதால் தூசும் எளிதில் படியாது.

அடுத்த சனிக்கிழமை கூரையின் அரைவாசிக்கு மட்டும் தாள் கட்டுவதாக இருக்கிறோம். மற்ற அரைவாசியை அப்படியே விட்டு, மத்தியானம் ஒரு மணிக்கு இரண்டு பக்கமும் கருவியைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.