நண்பகலைத் தாண்டிச் சுடும் கோள்

கத்திரி வெயில் நாட்களில் வேலூர்க்காரர்கள் பன்னிரண்டு மணி வெயிலைவிட இரண்டு, மூன்று மணி வெயிலுக்குத்தான் அதிகம் அஞ்சுவார்கள். சூரியன் ஏறக்குறையத் தலைக்கு நேரே நிற்பது நண்பகலில். வெப்பம் உச்சம் தொடுவதோ அதற்குப் பிறகு. வெயில் சாயத் தொடங்கிய பின்னும் சிறிது நேரத்துக்குத் தரை இழக்கும் வெப்பத்தைவிட வாங்கும் வெப்பமே அதிகமாக இருக்கிறது. இதை வேறு விதமாகவும் சொல்லலாம். பூமி கிழக்கு நோக்கிச் சுழலும்போது வேலூரையும் சுமந்துகொண்டு நண்பகல் கோட்டைக் கடந்து போகிறது. ஊர் முழுதாகச் சூடேறுவதற்குள் அந்தக் கோடு பின்னால் போய்விடுகிறது.

இதே கதை, 64 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் எச்டி 189733பி என்ற கோளிலும் நடக்கிறது. 2005இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த வாயுக்கோள் வியாழனைவிடச் சற்றுப் பெரியது. ஆனால் தன் விண்மீனிலிருந்து 50 லட்சம் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலேயே சுற்றுகிறது. நம் புதனே சூரியனிலிருந்து சராசரியாக 5.8 கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. எச்டி 189733பிக்கு ஓர் ஆண்டு என்பது 2.2 நாள்.

இவ்வளவு நெருங்கி இருப்பதால் விண்மீனின் ஈர்ப்பு கோளின் சுழற்சியை அதன் சுற்றோடு பூட்டிவிட்டது. ஒரு முறை சுற்றிவரும் நேரத்தில் ஒரே முறைதான் அது தன்னைத்தானே சுழல்கிறது. ஆகவே ஒரு பக்கம் நிரந்தரப் பகல், மறுபக்கம் நிரந்தர இரவு. நண்பகல் ஓரிடத்திலேயே ஆணி அடித்தாற்போல் நிற்கும். அப்படியானால் அந்த இடம்தானே அதிகம் கொதிக்க வேண்டும்?

இல்லை. பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு வளிமண்டலத்தில் பிரம்மாண்டமான அலைகளை எழுப்புகிறது. அவை நடுக்கோட்டை நோக்கி உந்தத்தைத் தள்ளுகின்றன. விளைவாக நடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கே பாயும் ஒரு பெருங்காற்று உருவாகிறது. விண்மீனுக்கு நேர் கீழே சூடாகும் வாயு, வெப்பத்தை வெளியே கொட்டித் தீர்ப்பதற்குள் கிழக்கே அடித்துச் செல்லப்படுகிறது. வேலூரைப் பூமியின் சுழற்சி பிற்பகலுக்குக் கொண்டுபோகிறது. அங்கே வாயுவைக் காற்று கொண்டுபோகிறது.

ஆடம் ஷோமன், டிரிஸ்டன் கியோ ஆகிய இரு விஞ்ஞானிகளும் 2002இலேயே இதைக் கணித்துவிட்டார்கள். அளந்து பார்த்தது 2007இல். கோளைத் தனியாகப் படம் எடுக்க வழியில்லை. விண்மீனும் கோளும் சேர்ந்து ஒரே புள்ளியாகத்தான் தெரியும். எனவே ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அந்தப் புள்ளியின் அகச்சிவப்பு ஒளியை ஒரு நாளுக்கும் மேலாக விடாமல் அளந்தது. கோள் சுற்றச் சுற்ற அதன் வெவ்வேறு பக்கங்கள் நம்மை நோக்கித் திரும்பும். கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும் தறுவாயில்தான் பகல் பக்கம் முழுதாகத் தெரியும். ஒளியும் அப்போதுதான் உச்சத்தில் இருக்க வேண்டும். ஆனால் அதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே உச்சம் வந்துவிட்டது. கோள் சுழலும்போது கிழக்குப் பகுதிதான் முதலில் நம் பக்கம் திரும்பும். அதாவது, சூடான பகுதி கிழக்கே தள்ளி இருக்கிறது. இரவுப் பக்கம் சுமார் 700 டிகிரி செல்சியஸ், பகல் பக்கம் 940 டிகிரி வரை என்றும் தெரிந்தது. தன் விண்மீனையே காணாத பக்கத்துக்கு 700 டிகிரி என்றால், காற்று எவ்வளவு வெப்பத்தைச் சுமந்து போயிருக்க வேண்டும்!

ஒளியின் ஏற்ற இறக்கத்தை வைத்துக் கண்ணுக்கு எட்டாததைப் பிடிக்கும் கலை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதன் வளையங்கள் அந்த ஒளியை மங்கச் செய்ததைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. ஜவ்வாது மலையில் இருக்கும் அந்த வானோக்கு நிலையம் இன்று திருப்பத்தூர் மாவட்டம். அன்று வட ஆற்காடு.

எச்டி 189733பியின் காற்று வேகத்தையும் 2015இல் அளந்தார்கள். கோள் விண்மீனைக் குறுக்கே கடக்கும்போது அதன் இரு ஓரங்களின் வளிமண்டலமும் ஒளியை வடிகட்டும். சோடியம் உறிஞ்சும் நிறம் நீலத்தின் பக்கம் நகர்கிறதா, சிவப்பின் பக்கம் நகர்கிறதா என்று பார்த்தால் காற்று நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பது தெரிந்துவிடும். கிடைத்த விடை மணிக்கு ஏறத்தாழ 8,700 கிலோமீட்டர். கோள் அவ்வளவு பெரியது என்பதால், இந்த வேகத்திலும் ஒரு சுற்று வர இரண்டரை நாள் பிடிக்கும்.

எல்லாக் கோள்களும் இப்படி நடப்பதில்லை. ஒரு பொருளின் வெப்பநிலை கெல்வின் அளவில் இருமடங்கானால் அது வெளியேற்றும் வெப்பம் பதினாறு மடங்காகும். எனவே கடும் வெப்பக் கோள்களில், காற்று நகர்த்துவதற்கு முன்பே வெப்பம் விண்வெளிக்குப் போய்விடுகிறது. ஒரு நாளுக்குள் சுற்றை முடித்துவிடும் வாஸ்ப்-18பி அப்படிப்பட்டது; அதன் இரவுப் பக்கத்துக்குப் போய்ச் சேரும் வெப்பம் மிகக் குறைவு.

தலைவலி கொடுப்பது கோரோ-2பி என்ற கோள். அதன் சூடான பகுதி மேற்கே தள்ளி இருப்பதாக 2018இல் வெளியான ஸ்பிட்சர் அளவீடு காட்டியது. கோள் எதிர்பார்த்ததைவிட மெதுவாகச் சுழலலாம். காந்தப்புலம் காற்றைத் தடுக்கலாம். கிழக்குப் பகுதியை மேகங்கள் மூடியிருக்கலாம். எனக்கு மேகம்தான் எளிய விளக்கமாகப் படுகிறது. காற்றின் திசையையே திருப்ப வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.