டார்க் ரென்ச் கிளிக் என்றால் போதுமா?

பழைய கார் இன்ஜினைப் பிரித்துக் கட்டும் ஆர்வலர்கள் பிஸ்டன், பேரிங், காஸ்கெட் எல்லாவற்றையும் தேடித்தேடி வாங்குகிறார்கள். போல்ட்டைக் குறித்த முறுக்கு விசைக்கு (டார்க்) இறுக்க உதவும் டார்க் ரென்ச்சைக் கடைசியாக எப்போது கேலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்தீர்கள் என்று கேட்டால்தான் பலரிடம் பதில் இருப்பதில்லை. எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம் இது.

குறித்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சத்தம் தரும் வகை ரென்ச்சின் உள்ளே இருப்பது ஸ்பிரிங். அதிக அளவிலேயே திருகி வைத்துப் பெட்டியில் போட்டுவிட்டால் அது நாளடைவில் தளரும். கீழே விழுந்தாலும், இறுகிப்போன போல்ட்டைக் கழற்ற அதையே பயன்படுத்தினாலும் அளவு மாறும். ஆனால் கிளிக் சத்தம் மட்டும் வழக்கம்போலக் கேட்கும், அதனால் தப்பு வெளியே தெரியாது. வேலை முடிந்ததும் ஸ்கேலின் குறைந்தபட்ச அளவுக்குக் கொண்டுவந்து வையுங்கள், அதற்கும் கீழே தளர்த்த வேண்டாம். 12 மாதம் அல்லது 5,000 முறை பயன்பாடு, எது முந்துகிறதோ அப்போது கேலிபரேஷனுக்குக் கொடுப்பது பொதுவான நடைமுறை.

இடையில் நீங்களே தோராயமாகச் சோதிக்கலாம். ரென்ச்சின் சதுர முனையை வைஸில் பிடித்து, ரென்ச்சைக் கிடையாக நிறுத்துங்கள். முனையின் மையத்திலிருந்து கைப்பிடியின் நடு 50 செ.மீ. என்றால், அங்கே 20 கிலோவைத் தொங்கவிட்டால் 98 நியூட்டன் மீட்டர் டார்க்; ரென்ச்சில் வைத்த அளவும் கிட்டத்தட்ட அதுவானால் கிளிக் கேட்க வேண்டும். ரென்ச்சின் சொந்த எடையும் கொஞ்சம் சேரும்.

சரி, ரென்ச் துல்லியமாகவே இருக்கிறது. அப்புறமும் போல்ட் தவறாக இறுகலாம். நாம் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய 90 சதவீதம் உராய்விலேயே போய்விடுகிறது, மிச்சம்தான் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை அடிப்பகுதியான பிளாக்கோடு அழுத்திப் பிடிக்கிறது. மரையில் துருவும் அழுக்கும் இருந்தால் அந்த மிச்சமும் குறைந்து, இரண்டுக்கும் நடுவே உள்ள காஸ்கெட் கசிந்து பழுதாகிவிடும். உலர்ந்த மரைக்கான அளவில் ஆயில் பூசி இறுக்கினால் நேர்மாறு: போல்ட் அளவுக்கு மீறி நீளும், அலுமினிய மரை பிய்ந்து வரும். மேனுவல் ஆயில் பூசச் சொல்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அடி மூடிய துளையில் ஆயில் தேங்கி நின்றால், இறுக்கும்போது பிளாக்கே விரிசல் விடலாம்.

பழைய மேனுவல்களில் அலகையும் கவனியுங்கள். 50 பவுண்ட்-அடி என்பது 68 நியூட்டன் மீட்டர். 7 கிலோகிராம் விசை-மீட்டரும் (kgf·m) கிட்டத்தட்ட அதேதான்.

பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட்டுக்கு மட்டும், அது எவ்வளவு நீள வேண்டும் என்ற அளவு மேனுவலில் கிடைத்தால் மைக்ரோமீட்டரில் அளந்தே இறுக்குங்கள். அது அறுந்தால் ராட் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், அந்தக் காலத்துப் பிளாக் இன்னொன்று கிடைப்பது லேசில்லை.