மெத்தென்று இறங்கும் பிரேக்: காற்றை எடுக்கும் முன் அது வந்த வழியைத் தேடுங்கள்

திருகோணமலையில் மோட்டார் சைக்கிள் திருத்தும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. முன் பிரேக்கின் லீவர் முன்புபோல் இறுக்கமாக நிற்காமல், மெத்தென்று கைப்பிடி வரை இறங்குகிறது என்பதுதான் அது. பெரும்பாலும் பிரேக் ஒயிலுக்குள் காற்று புகுந்திருப்பதே அதற்குக் காரணம். வருபவர்களிற் பலர் வீட்டிலேயே அந்தக் காற்றை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். பொறுமையும் சுத்தமும் உள்ள எவரும் தம் முற்றத்திலேயே செய்யக்கூடிய வேலைதான் அது. ஆனால் பெரும்பாலானோர் காற்றை வெளியேற்றுவதோடு நின்றுவிடுகிறார்கள். மூடிக் கிடந்த ஒரு தொகுதிக்குள் காற்று எப்படிப் புகுந்தது என்று தேடுவதில்லை. வந்த வழியை அடைக்காமல் காற்றை மட்டும் எடுத்தால், சில வாரங்களில் அதே லீவர் மீண்டும் இறங்கும். அது ஹபரணை வீதியில் இருட்டுக்குள் யானை குறுக்கிடும் நேரமாகவும் இருக்கலாம், கோட்டை வாசலில் மான் பாயும் நேரமாகவும் இருக்கலாம்.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் சமமாகக் கடத்தப்படும் என்று சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்திருப்போம். டிஸ்க் பிரேக் இயங்குவது அந்த ஒரு விதியினால்தான். லீவரை அழுத்தும்போது ஹாண்டிலில் அதோடு சேர்ந்திருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ஒயிலைத் தள்ளுகிறது. அந்த அமுக்கம் பைப் வழியே, சக்கரத்தருகே டிஸ்க்கைக் கவ்வியிருக்கும் கலிப்பருக்குச் சென்று, பேட்கள் எனப்படும் பிரேக் கட்டைகளைச் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கோடு நெருக்குகிறது. பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையிலுள்ள வெளி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு என்பதால், லீவர் தள்ளும் ஒயிலின் அளவும் மிகச் சிறியது. ஒயில் நசுங்காது, காற்று நசுங்கும். ஆகவே கடுகளவு குமிழிகள் சில இருந்தாலே, கையின் பலம் பேட்டுக்குப் போகாமல் அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே செலவாகிவிடும்.

காற்று புகும் வழிகள் அதிகமில்லை. மாஸ்டர் சிலிண்டரின் மேலுள்ள ஒயில் தொட்டியில் ஒயில் மிகவும் இறங்கியிருந்தால் மேலிருந்தே காற்று உறிஞ்சப்படும். பைப்பின் இரு முனைகளிலும் உள்ள செப்பு வாசர்களைப் பழையதையே திரும்பப் போட்டிருந்தால் அங்கே கசியும். மாஸ்டர் சிலிண்டரின் சீல் றப்பர் தேய்ந்திருந்தால், லீவர் திரும்பி வரும்போது அந்த வழியாகவும் காற்று உள்ளே வரக்கூடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் திறக்கப்படாமல் இருந்ததால், நம் வீதிகளில் ஓடும் வண்டிகளிற் பல இப்போது வயதானவை. அவற்றின் றப்பர் பைப்கள் வெளியே வெடிப்புக் கண்டும், அழுத்தும்போது ஊதியும் காணப்படுகின்றன. ஊதும் பைப்பும் லீவரை மெத்தென்றாக்கும், அங்கே எத்தனை முறை காற்று எடுத்தாலும் பயனில்லை. எனவே நட்டுக் கழற்றும் சாவியை எடுப்பதற்கு முன், ஒருவரை லீவரை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ரோர்ச் வெளிச்சத்தில் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால் காற்று எடுப்பதைத் தள்ளிவைத்துக் கசிவை முதலில் நிறுத்த வேண்டும்.

தொட்டியில் ஒயில் குறைந்திருப்பதைக் கண்டதும் ஊற்றி நிரப்பும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. கசிவே இல்லாத வண்டியிலும் ஒயில் இறங்கும், ஏனெனில் பேட்கள் தேயத் தேய பிஸ்டன்கள் வெளியே வந்து, அவற்றின் பின்னால் ஒயில் நிரம்புகிறது. அதாவது இறங்கிய ஒயில் பேட்களைப் பார்க்கச் சொல்கிறது. அதைப் பாராமல் நிரப்பிவிட்டு, பிறகு புதிய பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளினால், ஒயில் தொட்டியிலிருந்து வழிந்து பெற்றோல் தாங்கியின் பெயின்ற்றை உரித்துவிடும்.

காற்றைப் போலவே கெடுதி செய்வது தண்ணீர்; நம் ஊரில் நான் அதிகம் அஞ்சுவதும் அதைத்தான். சாதாரண பிரேக் ஒயில் ஈரலிப்பை உறிஞ்சும் தன்மையுடையது. பைப்பின் றப்பர் ஊடாகவும், தொட்டியின் மூடியை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நகரத்தில், மாரி மாதங்களில் துணியே காயாத காற்றில், இது எவ்வளவு விரைவாக நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிரேக் ஒயில்களை டொட் (DOT) 3, 4 என்று தரம் பிரிப்பார்கள். புதிய டொட் 4 ஒயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரநிர்ணயம். அதில் 3.7 வீதம் தண்ணீர் கலந்தால் அந்தக் குறைந்தபட்ச அளவு 155 பாகைக்கு இறங்குகிறது. டொட் 3 ஒயிலுக்கு அதே அளவுகள் 205 உம் 140 உம் ஆகும். மூதூருக்கும் நிலாவெளிக்கும் சமதரையில் ஓடும்வரை இந்த வேறுபாடு எவருக்கும் தெரிவதில்லை. விடுமுறைக்கு நுவரெலியா போய், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ரம்பொடை இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டு வரும்போதுதான் அது தெரியும். டிஸ்க்கின் சூடு கலிப்பருக்கு ஏறி, நீர் கலந்த ஒயில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப்போல் நசுங்குவதால் லீவர் ஒரேயடியாகக் கைப்பிடியில் முட்டும். வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் ஆவி மீண்டும் ஒயிலாகி லீவர் பழையபடி இறுகிவிடும். இறுகியதைக் கண்டு, குறை எதுவுமில்லை என்று நினைத்துப் புறப்படுவதுதான் மிகப் பெரிய ஆபத்து.

ஆகவே காற்று எடுக்கும் வேலையையும் ஒயில் மாற்றும் வேலையையும் சேர்த்தே செய்யுங்கள். தயாரிப்பாளர்கள் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள்; கடற்கரையோரம் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்னரே மாற்றுவது நல்லது என்பது என் கருத்து. எந்த ஒயில் என்பது தொட்டியின் மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். டொட் 3, டொட் 4, டொட் 5.1 ஆகிய மூன்றும் ஒரே வகையைச் சேர்ந்தவை. டொட் 5 மட்டும் சிலிக்கன் அடிப்படையிலானது. அதை மற்றவற்றோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. எஞ்சின் ஒயிலையோ வேறு கனிய எண்ணெயையோ ஊற்றினால் சீல் றப்பர்கள் ஊதிப்போய் முழுத் தொகுதியையும் கழற்ற நேரிடும். முத்திரை உடைக்காத சிறிய போத்தலாக வாங்குங்கள். அலுமாரியில் பாதியாகக் கிடக்கும் போன வருடத்துப் போத்தல் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும்.

எங்கள் பகுதியில் வேலையைத் தொடக்கத்திலேயே கெடுப்பது, காற்றை வெளியேற்றத் திறக்கும் துளையுள்ள சிறு திருகாணியாகக் கலிப்பரில் இருக்கும் நிப்பிள்தான். உருக்கு நிப்பிள், அலுமினியக் கலிப்பர், நடுவில் உப்புக்காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தால் மரை பிடித்துக்கொள்ளும். அதன் சிறிய றப்பர் மூடி தொலைந்த வண்டிகளில் துளைக்குள் மணலும் துருவும் அடைத்திருக்கும். முதல் நாள் மாலையே துரு இளக்கும் திரவத்தை டிஸ்க்கிலும் பேட்டிலும் படாமல் மரையின் அடியில் சிறிதளவு விட்டு வையுங்கள். மறுநாள் திறந்த வாய்ச் சாவியைப் பயன்படுத்தாமல், சரியான அளவுள்ள ரிங் சாவியை மாட்டி மெதுவாகத் திருப்புங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 8 மில்லிமீற்றர் பொருந்தும். முனை உருளத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். முறிந்த நிப்பிளை எடுப்பதற்கு ஆகும் செலவு, காற்று எடுக்கும் கூலியைப் போலப் பல மடங்கு.

தொட்டி மட்டமாக இருக்கும்படி ஹாண்டிலைத் திருப்பி, தாங்கியின் மேல் ஈரத்துணி விரித்து, மூடியைத் துடைத்த பின்னரே திறவுங்கள். மூடியின் திருகாணிகள் மென்மையானவை, பொருந்தாத திருப்புளி அவற்றைத் தின்றுவிடும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் தெளிவான மெல்லிய குழாயின் ஒரு முனையை நிப்பிளில் இறுக்கமாக மாட்டி, மறுமுனையைச் சிறிது புதிய ஒயில் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்துங்கள். லீவரை மெதுவாக அழுத்திப் பிடித்தபடி நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, ஒயில் ஓடியதும் பூட்டி, பூட்டிய பின்னரே லீவரை விடுங்கள். திறந்திருக்கும்போது லீவரை விட்டால் எடுத்த காற்றே உள்ளே திரும்பும். வேகமாக அடிக்க வேண்டாம், அடித்தால் ஒயில் நுரைத்து ஒரு குமிழி நூறாகும். பழைய வண்டியில் லீவரை அடிவரை இறக்கவும் வேண்டாம்: சிலிண்டரின் பயன்படாத அடிப்பகுதியில் அழுக்கும் அரிப்பும் இருக்கும், சீல் அங்கே போய் உரசினால் கிழியும். லீவருக்குப் பின்னால் ஒரு சிறு மரத்துண்டை வைத்துக்கொண்டால் போதும். தொட்டியின் மட்டம் கீழ்க்கோட்டுக்கு இறங்குமுன் நிரப்பிக்கொண்டே, குழாயில் தெளிந்த ஒயில் குமிழியின்றி வரும்வரை தொடருங்கள்.

இவ்வளவும் செய்த பின்னரும் லீவர் மெத்தென்றிருந்தால், காற்று பெரும்பாலும் மேலே, மாஸ்டர் சிலிண்டரில் பைப் சேரும் வளைவில் தங்கியிருக்கும். காற்று மேலே போகவே விரும்பும். நாமோ அதைக் கீழே தள்ளி எடுக்கப் பார்க்கிறோம். லீவரை அதன் முதல் சில மில்லிமீற்றர் மட்டும் மெல்ல மெல்ல அசைத்து, திருப்புளியின் கைப்பிடியால் பைப்பைத் தட்டிக்கொண்டிருந்தால், தொட்டியின் அடியிலுள்ள சிறு துளை வழியே நுண்ணிய குமிழிகள் எழுவதைக் காணலாம். பொறுமையிழக்காமல் அவை நிற்கும்வரை செய்யுங்கள். அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். பாமசியில் வாங்கிய பெரிய சிரிஞ்சினால் கலிப்பரிலிருந்து மேல்நோக்கி ஒயிலை ஏற்றுவதும் நல்ல முறையே. ஆனால் தொட்டியை முதலில் பாதியாக்கிக்கொள்ள வேண்டும், கலிப்பரில் பழைய அழுக்கு இருந்தால் அதுவும் மேலே ஏறும் என்பதை மறக்கக் கூடாது. இரவு முழுவதும் லீவரைக் கட்டிவைக்கும் வழக்கம் சிறு குமிழிகள் மேலேற ஓரளவு உதவும், அதையே முழு வைத்தியமாக நம்பிவிட முடியாது.

முடிந்ததும் நிப்பிளை அளவாக இறுக்கி றப்பர் மூடியைப் போடுங்கள். ஒயில் சிந்திய இடங்களை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பேட்டில் ஒயில் பட்டிருந்தால் கழுவிப் பார்க்காமல் புதியது போடுங்கள், டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள். பிறகு லீவரை ஒரு நிமிடம் பலமாக இறுக்கிப் பிடியுங்கள். அது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் சீல் உள்ளேயே ஒயிலை விடுகிறது. இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் இறுகுகிறது என்றால் காற்று இன்னும் இருக்கிறது, அல்லது கோணிய டிஸ்க் பேட்களைப் பின்னே தள்ளுகிறது. சோதனை ஓட்டத்துக்கு எஞ்சினைப் போடாமல், வண்டியை முற்றத்தில் தள்ளிக்கொண்டே பிரேக் பிடித்துப் பாருங்கள். அதன் பின்னரே ஒழுங்கையில் நடை வேகத்தில் ஓட்டலாம்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் காற்று புகுந்துவிட்டால் அதை இயக்கி வெளியேற்றக் கணினிக் கருவி தேவைப்படலாம். சாதாரண முறையில் இறுகாத ஏபிஎஸ் வண்டியை வீட்டில் மேலும் கழற்றாதீர்கள். எந்த வண்டியானாலும், இரண்டு சுற்று முயன்றும் லீவர் இறுகவில்லையென்றால், பின் பிரேக் இருக்கிறதே என்று அதை ஓட்டிக்கொண்டு கராஜுக்கு வராமல், மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள், அல்லது வண்டியைச் சிறிய லொறியில் ஏற்றி அனுப்புங்கள்.